உலை ஆறும் வரை

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பண்ணைகளில் புழங்கிய சிறிய வார்ப்பிரும்பு உலைகள் இன்றும் பழம்பொருள் சந்தைகளுக்கு வருகின்றன. கலப்பையின் கொழுவையும் குதிரை லாடத்தையும் வீட்டிலேயே சரிசெய்துகொள்ள விவசாயிகள் வாங்கி வைத்தவை. கால்களின் மேல் ஆழமில்லாத ஒரு தட்டு, பக்கத்தில் கையால் சுற்றும் காற்றாடி. அவற்றில் சிலவற்றின் தட்டில், அச்சிலேயே வார்த்த எழுத்துகளாக மூன்று ஆங்கிலச் சொற்கள் இருக்கும். ‘பயன்படுத்தும் முன் களிமண் பூசு’ என்று அவற்றுக்குப் பொருள்.

இதை ஒரு புகைப்படத்தில் முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நெருப்பை வைப்பதற்கென்றே செய்த இரும்புத் தட்டு, என்மேல் நேராக நெருப்பை வைக்காதே, நடுவே கொஞ்சம் மண்ணை வை என்கிறது. காரணம் எளிது. கரி எரியும் நடுப்பகுதி பழுக்கக் காய்ந்து விரியும். விளிம்பு அந்த அளவுக்குச் சூடாகாது. ஒரே தட்டு இரண்டு விதமாக விரியப் பார்த்தால் வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டுவிடும். மண் அந்தச் சூட்டை இடையில் வாங்கிக்கொள்கிறது.

சிரிப்பு அடங்கிய பிறகு வேறொன்று உறுத்தியது. வீட்டில், அலுவலகத்தில், ஊரில், சூட்டை இடையில் வாங்கிக்கொள்ள யாரோ ஒருவர் இருக்கிறார். அவருக்கு மற்றவர்கள் என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? நன்றியா, புகழா, கூலியா, வேறு ஏதாவதா? இந்தக் கேள்வியை மண்ணிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. உவமையாக மண் நமக்கு ரொம்பப் பழக்கம். பொருளாக அதை நாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

*

எங்கள் ஊரில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கொல்லுப்பட்டறை. அரிவாளுக்குத் தோய்ச்சல் விடவும் கடப்பாரை முனையைக் காய்ச்சி அடிக்கவும் ஆட்கள் வருகிறார்கள். தோல் துருத்தி போய் மின்சார ப்ளோயர் வந்து பல வருடம் ஆயிற்று. உலை மட்டும் அதே மண் உலைதான். காற்று வரும் குழாயின் வாயைச் சுற்றிக் கனமாக மண் அப்பி, கரி நிற்க ஒரு குழி.

ஆசாரியின் கணக்கு இது: புற்றுமண் இரண்டு கூடை, ஆற்றுமணல் ஒரு கூடை, உமி நாலு கை. தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடி ஒரு ராத்திரி ஊறவிடுவார். புற்றுமண் எதுக்குண்ணே என்று கேட்டேன்.

“கறையான் ஏற்கெனவே சலிச்சு வச்ச மண்ணு தம்பி. கல்லு கப்பி இருக்காது. நம்ம வேலையில பாதிய அது பாத்துருச்சு.”

“வெறும் களிமண்ண அப்புனா ஆகாதா?”

“வெடிச்சிரும். மண்ணுக்குள்ள கொஞ்சம் எடம் இருக்கணும்ல.”

அவர் சொன்னதில் ஒரு முழுப் பொருளறிவியல் இருக்கிறது. ஈரக் களிமண் உலரும்போது நீர் போன இடத்துக்குத் துகள்கள் நெருங்கி வரும், அதனால் சுருங்கும். சுருக்கம் எங்கும் ஒரே சீராக இருக்காது. இழுபறியில் விரிசல் விழும். மணல் சுருங்காது, உள்ளே எலும்புபோல நிற்கும். உமி நெருப்பில் எரிந்துபோய்ச் சின்னச் சின்ன வெற்றிடங்களை விட்டுச் செல்லும். ஆவி வெளியேற அது வழி. ஓடிவரும் விரிசல் அந்த ஓட்டையில் முட்டி நின்றுவிடும். தாங்கும் மண் இறுகிய மண்ணாக இருக்காது. உள்ளே காலி இடம் உள்ள மண்தான் தாங்கும்.

பூசிய பிறகு மூன்று நாள் நிழலில் உலர வேண்டும். அப்புறம் சிரட்டையும் சுள்ளியும் போட்டுச் சின்னதாக ஒரு நெருப்பு. மறுநாள் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக. அவசரப்பட்டு முழுத் தீயை மூட்டினால் உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாகி மண்ணைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியஸுக்குள் களிமண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீரும் போய்விடுகிறது. அதன் பிறகு அது தண்ணீரில் கரையாது, திரும்பவும் சேறாகாது. வேறொன்றாகிவிட்டது.

அரிவாள் அடிக்கப் பழுக்கும் இரும்பு 900, 1,000 டிகிரியில் இருக்கும். காற்று வந்து மோதும் இடத்தில் கரியின் சூடு அதைவிடச் சில நூறு டிகிரி கூடுதல். நம் சாதாரண மண்ணில் இரும்பும் சுண்ணாம்பும் கலந்திருப்பதால் 1,100, 1,200 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். கரிச்சாம்பலில் உள்ள காரம் அந்த எல்லையை இன்னும் கீழே இறக்கும். அதனால் தினமும் கொஞ்சம் மண் உருகிக் கண்ணாடிபோல் வழிந்து, சாம்பலோடும் இரும்புச் செதிலோடும் சேர்ந்து கிட்டமாகக் குழியின் அடியில் தங்கும். ஆசாரி அதைக் கம்பியால் குத்தி எடுத்து வெளியே எறிவார். பட்டறை வாசலில் கிடக்கும் அந்தக் கறுப்புக் கட்டிகளில் உலையின் உடம்பும் இருக்கிறது.

“இரும்புக்கு என்ன, அஞ்சு நிமிசம் உள்ள இருந்துட்டு வெளிய வந்துரும். மண்ணுதான் நாள் பூராவும் கிடக்கும்” என்றார்.

நான் அங்கே கவனித்த இன்னொன்றுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். ஒருநாள் உலைவாயில் மண் பெயர்ந்திருந்தது. காலையில் இரண்டு உருப்படி அடித்த பிறகுதான் அதைப் பார்த்தார். கரியை வாரி ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அரிவாளோடு வந்த ஒருவர், “ஒரே ஒரு அருவாதானே, அத அடிச்சுட்டு மண்ணு பூசுங்க” என்று கேட்டுப் பார்த்தார். “உலை ஆறட்டும்யா” என்பதற்கு மேல் பேச்சில்லை. சூடான சுவரில் ஈர மண்ணை வைத்தால் ஒட்டாது. மேலே ஒட்டியதுபோல இருக்கும். உள்பக்கம் ஆவி கிளம்பி உரிந்து விழுந்துவிடும். பழுதுபார்க்க வேண்டுமென்றால் தீயை அணைத்தாக வேண்டும். அன்றைக்கு அவருக்கு அரை நாள் கூலி போயிற்று.

*

தாங்குபவரைப் பற்றி நம் மரபு நிறையச் சொல்லியிருக்கிறது. திருக்குறளில் பொறையுடைமை அதிகாரம் தொடங்குவதே நிலத்தின் உவமையோடுதான். தன்னைத் தோண்டுகிறவனையே நிலம் சுமக்கிறது. அதுபோல இகழ்கிறவரைப் பொறுப்பது தலையாய குணம். பள்ளியில் மனப்பாடம் செய்த நாளிலிருந்து எனக்கு அந்த உவமை பிடிக்கும். இன்று அதைப் படித்தால் அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதும் கண்ணில் படுகிறது. தோண்டப்படுபவருக்கு அங்கே ஓர் அறிவுரை இருக்கிறது. மண்வெட்டி வைத்திருப்பவருக்கு அந்தக் குறளில் ஒரு சொல்லும் இல்லை. குறளில் வேறு இடங்களில் அவனுக்கும் கண்டிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் சண்டை வரும்போது நாம் எடுத்து நீட்டுவது இந்தக் குறளைத்தான், அதுவும் வழக்கமாகப் பெண்களிடம், வயதில் சிறியவர்களிடம், சம்பளம் குறைந்தவர்களிடம்.

புறநானூற்றின் 312-ஆம் பாடலில் பொன்முடியார் ஊருக்குள் கடமைகளைப் பங்கு பிரிக்கிறார். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, வேல் செய்து தருவது கொல்லனுக்கு, பிறகு அரசனுக்கு, கடைசியில் போருக்குப் போகும் மகனுக்கு. பாட்டு ஒரு தாயின் வாயிலிருந்து வருகிறது என்பதால் அதற்கு இருக்கும் கனம் வேறு. நான் கேட்பது சின்னக் கேள்வி. கொல்லன் வேல் அடிக்க உலை வேண்டும். அந்த உலைக்கு மண் பூசுவது யார் கடன்? பட்டியலில் இல்லை. எந்தக் கடமைப் பட்டியலிலும் அது இருப்பதில்லை. அது நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் பட்டியலே தொடங்குகிறது.

ஹன்னா ஆரெண்ட் 1958-இல் வெளிவந்த ‘மனித நிலை’ என்ற நூலில் உழைப்பையும் ஆக்கத்தையும் வேறுபடுத்துவார். சமைப்பது, துடைப்பது போன்ற உழைப்பு செய்த உடனே கரைந்துபோய் மறுநாள் மறுபடியும் தொடங்கும். மேசை, வீடு, கருவி போன்ற ஆக்கம் உலகில் நிலைத்து நிற்கும். அந்தப் பிரிவினைப்படி அரிவாள் ஆக்கம், உலைக்கு மண் பூசுவது உழைப்பு. ஒன்று கைக்கு வருகிறது, இன்னொன்று கிட்டமாகி வாசலில் விழுகிறது. மண் அடுப்பு இருந்த வீடுகளில் அடுப்பு மெழுகுவதும் இதே வேலைதான். அதே மண், அதே கை, அதே மறுநாள். சமையலைப் பாராட்டியவர்கள் உண்டு. அடுப்பு நன்றாக மெழுகியிருக்கிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். சுமார் ஐந்து மணி நேரம் ஒருவர் தினமும் எதையோ பூசிக்கொண்டிருக்கிறார். மறுநாள் அது கரைந்திருக்கும்.

ஆனால் நிலைப்பது எது, கரைவது எது என்பதில் ஆரெண்டின் கோடு அவ்வளவு உறுதியாக இல்லை என்று நினைக்கிறேன். தென்னிந்தியாவில் உருவான வூட்ஸ் எஃகை எடுத்துக்கொள்வோம். 1819-இல் மைக்கேல் ஃபாரடே அதைப் பகுத்தாய்ந்து எழுதும் அளவுக்கு ஐரோப்பா அந்த எஃகின் ரகசியத்தைத் துரத்தியது. அந்த எஃகு உருவானது மூசைக்குள்ளே. மூசை என்பது களிமண்ணில் உமி கலந்து செய்த சின்னக் குடுவை. எங்கள் ஊர் ஆசாரி உமி சேர்ப்பதன் பெரிய அண்ணன் அந்த நுட்பம். எஃகுக் கட்டியை எடுக்க மூசையை உடைத்தாக வேண்டும். ஒரு மூசை, ஒரு நெருப்பு, அவ்வளவுதான். எஃகு கப்பலேறிப் போயிற்று, வாளாயிற்று, துருப்பிடித்தது, சில அருங்காட்சியகங்களில் நிற்கிறது. தமிழ்நாட்டின் மேல்சிறுவளூரிலும் தெலங்கானாவின் கோனசமுத்திரத்திலும் இன்று ஆய்வாளர்கள் கையில் எடுத்துப் பார்ப்பது உடைந்த மூசைத் துண்டுகளை. இங்கே எஃகு செய்தார்கள் என்பதற்குச் சாட்சி சொல்வது இரும்பைவிட மண்தான்.

இதில் ஒரு ஆறுதல் இருப்பதுபோலத் தெரிகிறது. எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். பல நூறு வருடம் கழித்து யாரோ தோண்டியெடுத்து மெச்சுவார்கள் என்பதால் இன்று வெந்துகொண்டிருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

*

2020 மார்ச் 22-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாடு முழுக்க மாடியில் நின்று கைதட்டினோம், தட்டை அடித்தோம். மே 3-ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மேல் பூத் தூவின. அதே வாரங்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் தூய்மைப் பணியாளர்களும் முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கைதட்டிய யாரும் கெட்ட எண்ணத்தில் தட்டவில்லை. எங்கள் தெருவில் நானும்தான் தட்டினேன், மனதார. இருந்தாலும் கைதட்டலுக்கும் கையுறைக்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புகழ், தாங்கும் சக்தி முடிவில்லாதது என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலும் நிற்கிறது. அம்மா என்றால் தாங்குவாள், செவிலி என்றால் தேவதை. ஆசாரியிடம் அந்த எண்ணமே கிடையாது. மண் தேயும் என்று அவருக்குத் தெரியும். எங்கே தேயும், எத்தனை நாளில் தேயும் என்றும் தெரியும். மண்ணைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் தினமும் காலையில் குனிந்து உலைவாயைத் தடவிப் பார்க்கிறார். தாங்குவதைக் கொண்டாடுகிறவர் தடவிப் பார்ப்பதில்லை. பார்த்தால் விரிசல் தெரிந்துவிடும், தெரிந்தால் வேலையை நிறுத்த வேண்டிவரும்.

இங்கே என் நண்பர் ஒருத்தர் குறுக்கே விழுந்தார். மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். “பராமரிப்பைப் பத்தி நீ ரொம்ப நல்லபடியா நினைக்கிற. எங்க ஆபீஸ்லயும்தான் பராமரிக்கிறாங்க. மனநலத்துக்கு வெபினார், யோகா, பழக்கூடை. எதுக்கு? இன்னும் கொஞ்ச நாள் எரிக்கலாம்னுதான். உன் ஆசாரியும் மண்ணு மேல இருக்குற பாசத்துலயா பூசுறாரு? அருவா அடிக்கணும்ல?”

சரியான அடி. பராமரிப்பே சுரண்டலின் இன்னொரு நுட்பமாகலாம். நன்றாகப் பூசிய மண்ணும் நெருப்புக்குள்தான் நிற்கிறது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ‘பர்ன்-அவுட்’ என்பதை நோய்களின் வகைப்பாட்டு ஏட்டில் சேர்த்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. வேலை சார்ந்து எழும் ஒரு நிலை என்றது. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்று விளக்கியது. விரிசலை மண்ணின் குணக்கேடாகப் பார்க்காமல் உலையோடு சேர்த்துப் பார்க்கிற விளக்கம் அது. நண்பரின் ஆபீஸ் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. மண்ணுக்குப் பொறுமைப் பயிற்சி கொடுக்கிறது.

ஆனால் நண்பரின் கேள்விக்குப் பதிலும் பட்டறையிலேயே கிடைக்கிறது. அந்த வெபினார் எப்போது நடக்கிறது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், டெட்லைனுக்கு நடுவில், கேமராவை அணைத்துவிட்டு இன்னொரு சன்னலில் கோடு எழுதிக்கொண்டே கேட்பார்களாம். கொதிக்கிற சுவரில் ஈர மண்ணை அப்புவது என்றால் இதுதான். ஒட்டாது. பூசியவருக்குப் பூசிவிட்டோம் என்ற கணக்கு மட்டும் மிஞ்சும்.

ஆகவே பராமரிப்பு உண்மையானதா என்று பார்க்க எனக்கு ஒரு சின்னச் சோதனை கிடைத்திருக்கிறது. அதற்காகத் தீ அணைந்ததா? தாங்குபவருக்காக வேலை நின்றதா? நின்றதால் ஏற்பட்ட நட்டம், பலன் பெறுகிறவரின் பையிலிருந்து போனதா? கைதட்டலுக்கு எதுவும் நிற்கத் தேவையில்லை. அதனால்தான் அது மலிவு. அன்னையர் தின ஸ்டேட்டஸ் போடும்போதும் அடுப்பில் பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கிறது. அம்மாவுக்கு ஓய்வு கொடுப்பது என்றால் அன்றைக்கு வேறு யாராவது சமைக்க வேண்டும், இல்லை எல்லாரும் பழைய சோறு சாப்பிட வேண்டும். ஏதோ ஒன்றை யாரோ இழக்க வேண்டும். அப்படி ஒன்றும் இழக்காமல் காட்டும் அன்பை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். உலையில் அது ஒட்டாது என்றுதான் சொல்கிறேன்.

இந்தச் சோதனையும் முழுமையானது இல்லை. மண்ணுக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை இது தொடவில்லை. உலைவாயில் நிற்க மண்ணிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, கேட்க முடியாது. மனிதரிடம் கேட்க முடியும். பூசி, ஆறவைத்து, மறுபடி பூசி, எல்லாம் முறையாகச் செய்த பிறகும், ‘நான் இனி இங்கே நிற்க மாட்டேன்’ என்று ஒருவர் சொல்லலாம். அப்போது அவரிடம் நிலத்தின் பொறுமையை எடுத்துச் சொல்லக் கூடாது. அவர் விலகிய இடத்தில் சூடு யார்மேல் படுகிறது என்று பார்த்து, நெருப்பைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டும். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்து கொட்டகை போடும் கொல்லர் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். தரையில் ஒரு குழி, சுற்றி மண், அதுதான் உலை. ஆண் குறட்டால் இரும்பைப் பிடித்துத் திருப்ப, எதிரே நின்று சம்மட்டியை ஓங்கி அடிப்பவர் பெரும்பாலும் பெண். களைத்தால் சம்மட்டியைக் கீழே வைக்கிறார். இரும்பு ஆறிவிடும், திரும்பவும் காய்ச்ச வேண்டும். கரி கொஞ்சம் கூட ஆகும். அவ்வளவுதான் நட்டம்.

*

நம் ஊர்களில் இதற்கென்று ஒரு நாள் ஏற்கெனவே இருக்கிறது. ஆயுத பூசைக்கு முதல் நாள் எங்கள் ஊர்ப் பட்டறையில் உலையைக் கொத்திச் சுத்தம் செய்து புதிதாக மண் பூசுவார்கள். மறுநாள் சம்மட்டிக்கும் குறட்டுக்கும் பட்டறைக்கல்லுக்கும் சந்தனம், குங்குமம், பொரிகடலை. அன்று கருவியைத் தொடக்கூடாது. எவ்வளவு அவசரமான வேலையென்றாலும் நாளைக்குத்தான். நான் இவ்வளவு நேரம் புகழையும் பராமரிப்பையும் எதிரெதிராக நிறுத்திப் பேசினேன். அந்த ஒரு நாளில் இரண்டும் பிரிந்திருக்கவில்லை. கும்பிடுகிறார்கள், கும்பிடும் நேரத்தில் தீ அணைந்திருக்கிறது, கும்பிடுவதற்கு முன்பே மண் பூசியாகிவிட்டது. வரிசை சரியாக இருக்கிறது.

வருடத்துக்கு ஒரு நாள் போதுமா என்று கேட்டால் போதாது. ஆசாரிக்கே போதாமல்தான் நடுவில் அரை நாள் கடையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வாய்த்த ஒரு வசதி, அவருடைய மண் விரிந்தால் அவருடைய இரும்புதான் கெடும். தேய்மானமும் நட்டமும் ஒரே கூரைக்குள் இருந்தன. நம் வாழ்க்கையில் பெரும்பாலும் தேய்வது ஓரிடம், அரிவாள் போய்ச் சேர்வது வேறிடம். அதனால் நமக்கு உலைவாய் கண்ணில் படுவதில்லை. இன்று நம் கைக்கு வந்து சேர்ந்த ஏதாவது ஒரு பொருளை, சாப்பாட்டையோ அலைபேசியையோ சுத்தமான தெருவையோ எடுத்துக்கொண்டு, நடுவில் சூடு வாங்கியது யார், அவருக்காகக் கடைசியாக எப்போது தீ அணைந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். பாதிக் கேள்விகளுக்கு நம்மிடம் பதில் இருக்காது. மீதிப் பாதிக்குப் பதில் தெரியும். அந்த ஆள் பக்கத்து அறையில்தான் இருப்பார்.